கப்பலைத் தேடி வரும் வேகம்

2020ஆம் ஆண்டு ஒக்டோபர் 7ஆம் திகதி ரஷ்ய ஜனாதிபதி விளாடிமிர் புட்டினின் 68ஆவது பிறந்தநாள். அன்று அந்நாட்டுப் படைகளின் தலைமை அதிகாரி வலேரி ஜெரசிமோவ், பிறந்தநாள் பரிசு போல ஒரு செய்தியை அவரிடம் அறிவித்தார். முதல்நாள் வெண்கடலில் நின்ற 'அட்மிரல் கொர்ஷ்கொவ்' என்ற போர்க்கப்பல் 'சிர்க்கோன்' என்னும் ஏவுகணையை ஏவியதாகவும், அது பாரென்ட்ஸ் கடலில் 450 கிலோமீற்றர் தொலைவில் இருந்த இலக்கை நாலரை நிமிடத்தில் தாக்கியதாகவும், 28 கிலோமீற்றர் உயரத்தில் ஒலியைப் போல எட்டு மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில் அது பறந்ததாகவும் சொன்னார்.

செய்தி நிறுவனங்கள் அனுப்பிய குறிப்பை அன்றிரவு தமிழாக்கியவர்களில் நானும் ஒருவன். 'தடுக்கவே முடியாத ஏவுகணை' என்று தலைப்பிட்டேன். செய்திமேசையில் எவரும் மறுப்புச் சொல்லவில்லை. நானும் காகிதத்தில் ஒரு சிறிய வகுத்தல் கணக்கைக்கூடப் போட்டுப் பார்க்கவில்லை. 450 கிலோமீற்றரை நாலரை நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 100 கிலோமீற்றர், அதாவது மணிக்கு 6,000 கிலோமீற்றர். அந்த உயரத்தின் குளிரில் ஒலியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 1,080 கிலோமீற்றர். ஆகவே சராசரி வேகம் ஒலியின் ஐந்தரை மடங்குதான். உச்சவேகம் எட்டு மடங்காக இருந்திருக்கலாம். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறையுமல்லவா? இரண்டு எண்களில் எதுவும் பொய்யென்று சொல்வதற்கில்லை. ஆனால் அரசாங்கங்கள் எப்போதும் பெரிய எண்ணையே நமக்குத் தருகின்றன. நாமும் அதையே தலைப்பாக்குகிறோம். அந்தத் தலைப்பு என்னை நெடுநாள் உறுத்தியது. அதன் விளைவாகவே கப்பல்களை அழிக்கும் ஏவுகணைகளின் வரலாற்றை ஆரம்பத்திலிருந்து படிக்கத் தொடங்கினேன்.

இந்த வரலாறு உலகின் கவனத்துக்கு வந்தது 1967ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் திகதி மாலையில். ஆறுநாள் யுத்தம் முடிந்து நான்கு மாதங்களே ஆகியிருந்தன. இஸ்ரேலின் 'எய்லாத்' என்ற நாசகாரிக் கப்பல் எகிப்தின் போர்ட் செய்ட் துறைமுகத்துக்கு வெளியே ரோந்து சென்றுகொண்டிருந்தது. அது இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானியர் கட்டிய பழைய கப்பல். துறைமுகத்துக்குள் நின்ற இரண்டு எகிப்தியப் படகுகள், வெளியே வராமலே, சோவியத் தயாரிப்பான பி-15 ஏவுகணைகளை ஏவின. 'கொமார்' என்ற அந்தப் படகுகளின் உடல் மரத்தாலானது. ஒவ்வொன்றிலும் இரண்டே ஏவுகணைகள். எய்லாத் மூழ்கியது. 47 மாலுமிகள் உயிரிழந்தனர். கப்பலிலிருந்து ஏவப்பட்ட ஏவுகணையால் ஒரு போர்க்கப்பல் மூழ்கடிக்கப்பட்டமை வரலாற்றில் அதுவே முதற்தடவை. பீரங்கிகளும் கவசமும் கொண்ட பெரிய கப்பலே கடலை ஆளும் என்று நெடுங்காலம் நிலவிய எண்ணத்தை அந்த மரப்படகுகள் அசைத்துவிட்டன.

பி-15இன் எட்டு தூரம் சுமார் 40 கிலோமீற்றர். வேகம் ஒலியைவிடச் சற்றுக் குறைவு. ஒரு பயணிகள் ஜெட் விமானத்தின் வேகம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்படியொரு பொருள் கடலுக்கு மேலாகத் தம்மை நோக்கி வரக்கூடும் என்று மாலுமிகள் எதிர்பார்க்கவில்லை. அவர்களின் தோல்விக்கு அதுவே போதுமாயிருந்தது.

இதை இன்னும் துயரமாக உணர்த்துவது நமது பிராந்தியத்தில் நடந்த சம்பவம். 1971ஆம் ஆண்டு டிசெம்பர் 4ஆம் திகதி இரவு 'நிபாத்', 'நிர்காத்', 'வீர்' என்ற மூன்று இந்திய ஏவுகணைப் படகுகள் கராச்சியைத் தாக்கின. சோவியத் யூனியனிடமிருந்து வாங்கிய அந்த 'ஓசா' வகைப் படகுகள் துறைமுகக் காவலுக்காகக் கட்டப்பட்டவை. நீண்ட தூரம் ஓட வல்லவை அல்ல. ஆகவே அவற்றைக் கயிறு கட்டி இழுத்துச் சென்று, பாகிஸ்தான் கரையை நெருங்குகையில் அவிழ்த்துவிடும் உத்தி வகுக்கப்பட்டது. பாகிஸ்தானின் 'கைபர்' நாசகாரியிலிருந்தவர்கள் இருட்டில் வானில் ஒரு வெளிச்சம் வருவதைக் கண்டார்கள். விமானம் என்று நினைத்து விமான எதிர்ப்புப் பீரங்கிகளால் சுட்டார்கள். அடிபட்ட பின்னரும் எதிரி விமானங்கள் தாக்குவதாகவே அவர்கள் தலைமையகத்துக்குச் செய்தி அனுப்பினார்கள். தங்களைக் கொல்வது எது என்று அறியாமலே அந்தக் கப்பலில் இருந்தவர்களில் பலர் மாண்டார்கள். டிசெம்பர் 4ஐ இந்தியா இன்றும் கடற்படை நாளாகக் கொண்டாடுகிறது.

ஆனால் புதுமையின் பயம் நீண்டநாள் நிலைப்பதில்லை. எய்லாத்தை இழந்த இஸ்ரேல் இரண்டு காரியங்களைச் செய்தது. ஏற்கெனவே தொடங்கியிருந்த தனது 'கேப்ரியல்' ஏவுகணையை விரைவுபடுத்தியது. பி-15இன் ராடார் கண்ணை ஏமாற்றும் மின்னணுக் கருவிகளையும் உருவாக்கியது. 1973ஆம் ஆண்டு ஒக்டோபர் யுத்தத்தில் சிரியாவின் லத்தாக்கியா துறைமுகத்துக்கு வெளியே ஏவுகணைப் படகுகள் ஒன்றையொன்று முதற்தடவையாக எதிர்கொண்டன. அந்த யுத்தத்தில் சிரியாவும் எகிப்தும் ஏவிய பி-15களில் ஒன்றுகூட இஸ்ரேலியப் படகைத் தாக்கவில்லை. ஆறே ஆண்டுகளில் அதிசய ஆயுதம் ஏமாளி ஆயுதமாயிற்று. (அந்தக் காலத்தில் இஸ்ரேல் கட்டத் தொடங்கிய சார்-4 வகைப் படகுகளில் இரண்டு 2000ஆம் ஆண்டில் இலங்கைக் கடற்படைக்கு வந்து சேர்ந்தன என்பதையும் இங்கே சொல்லி வைக்கலாம்.)

ஏவுகணையை எப்படிக் காப்பாற்றுவது என்ற கேள்விக்கு மேற்கு நாடுகள் ஒரு விடையையும் சோவியத் யூனியன் வேறொரு விடையையும் கண்டன. மேற்கின் விடை தாழ்வு. பிரான்சின் 'எக்ஸோசெட்' கடல் மட்டத்திலிருந்து சில மீற்றர் உயரத்தில் அலைகளை உரசியபடி வரும். பூமி உருண்டை என்பதால் ராடார் அதைக் காண்பதற்குள் காரியம் முடிந்துவிடும். 1982ஆம் ஆண்டு மே 4ஆம் திகதி போக்லாந்துத் தீவுகளுக்கருகே ஆர்ஜென்டீன விமானம் ஏவிய எக்ஸோசெட், பிரித்தானியாவின் 'ஷெபீல்ட்' கப்பலைத் தாக்கி 20 பேரைப் பலிகொண்டது. கப்பல் அவ்வேளை செய்மதித் தொடர்பில் இருந்தமையால் அதன் எச்சரிக்கைக் கருவி இடையூறுக்குள்ளாகியிருந்தது. நான் அப்போது பாடசாலை மாணவன். பத்திரிகையில் வந்த அந்த எரியும் கப்பலின் படத்தை வெட்டி ஓர் அப்பியாசக் கொப்பியில் ஒட்டி வைத்திருந்தேன்.

சோவியத்தின் விடை வேகம். அதன் பின்னால் இருந்தவர் விளாடிமிர் செலொமெய். மொஸ்கோவுக்கு அருகிலுள்ள ரெயூத்தொவ் நகரில் இருந்த அவரது வடிவமைப்பு நிலையத்தில் குருஷேவின் மகன் செர்கேயும் பொறியியலாளராக வேலை செய்தார். தந்தை ஆட்சியிலிருந்த வரையில் செலொமெய் கேட்டதெல்லாம் கிடைத்தது. 1964இல் குருஷேவ் வீழ்த்தப்பட்டபோது செலொமெயின் செல்வாக்கும் சரிந்தது. ஆனால் கடற்படை ஏவுகணைகளை அவரிடமிருந்து பறிக்க எவராலும் முடியவில்லை. (மகன் செர்கே பின்னாளில் அமெரிக்கக் குடியுரிமை பெற்று 2020இல் அங்கேயே காலமானார். அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல்களை அழிக்கும் ஆயுதங்களைச் செய்த நிலையத்தில் இளமையைக் கழித்தவருக்கு விதி வகுத்த முடிவு அது.)

அமெரிக்காவிடம் விமானந்தாங்கிக் கப்பல்கள் இருந்தன. சோவியத்திடம் அவற்றுக்கு ஈடாக எதுவும் இல்லை. ஆகவே தொலைவிலிருந்தே அவற்றைத் தாக்க வேண்டும். 1975இல் 'பசால்ட்' ஏவுகணையும், 1983இல் 'கிரனிட்' ஏவுகணையும் சேவைக்கு வந்தன. கிரனிட் பத்து மீற்றர் நீளமும் ஏழு தொன் நிறையும் கொண்டது. ஒலியின் இரண்டரை மடங்கு வேகத்தில் 600 கிலோமீற்றருக்கு மேல் செல்லக்கூடியது. ஏவுகணை என்பதைவிட ஆளில்லாத போர்விமானம் என்பதே பொருந்தும்.

வேகத்தின் தேவை இங்கே தெளிவாகிறது. மணிக்கு 55 கிலோமீற்றர் ஓடும் விமானந்தாங்கிக் கப்பலை 450 கிலோமீற்றர் தொலைவிலிருந்து ஒலியை விஞ்சாத ஏவுகணையால் தாக்க முயன்றால், அது வந்து சேர அரை மணி நேரம் எடுக்கும். அதற்குள் கப்பல் 27 கிலோமீற்றர் நகர்ந்துவிடும். நாலரை நிமிடத்தில் சென்றால் நகர்வு நான்கு கிலோமீற்றர்தான். வேகம் என்பது எதிரியின் பாதுகாப்பை உடைப்பதற்கு மட்டுமல்ல, இலக்கைத் தவறவிடாமல் இருப்பதற்கும் வேண்டியதாயிற்று.

ஆனால் தொலைவிலிருக்கும் கப்பலை முதலில் கண்டுபிடிக்க வேண்டுமே. அதற்காக ராடார் செய்மதிகளை விண்ணில் ஏவினார்கள். அந்த ராடார்களுக்கு வேண்டிய மின்சாரத்தைச் சூரியத் தகடுகளால் தர முடியாதென்று, செய்மதிக்குள் சிறிய அணு உலையையே வைத்தார்கள். 1978ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் திகதி அவற்றில் ஒன்றான 'கொஸ்மொஸ் 954' கட்டுப்பாடிழந்து கனடாவின் வடபகுதியில் கதிரியக்கச் சிதைவுகளாக விழுந்தது. பனிப் பாலைவனத்தில் மாதக்கணக்கில் தேடிப் பொறுக்கிய கனடா 60 இலட்சம் டொலர் நட்டஈடு கேட்டது. இறுதியில் 30 இலட்சம் கிடைத்தது. ஏவுகணையின் வேகத்தைப் புகழ்ந்து எழுதும் போது அதன் கண் யாருடையது, எங்கே இருக்கிறது என்ற கேள்வியை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. இன்றைய ஏவுகணைகளுக்கும் இதே கேள்விதான்.

2000ஆம் ஆண்டு ஓகஸ்ட் 12ஆம் திகதி பாரென்ட்ஸ் கடலில் 118 பேருடன் மூழ்கிய 'கேர்ஸ்க்' நீர்மூழ்கிக் கப்பலும் கிரனிட் ஏவுகணைகளுக்காகவே கட்டப்பட்டது. 24 ஏவுகணைகள். அதை அழித்தது எதிரியல்ல. அதன் சொந்த டொர்பிடோ ஒன்றின் எரிபொருள்.

இனி ஹைப்பர்சோனிக் கட்டத்துக்கு வருவோம். ஒலியின் ஐந்து மடங்குக்கு மேற்பட்ட வேகத்தையே அச்சொல் குறிக்கிறது. வில்வடிவப் பாதையில் ஏறி இறங்கும் பலிஸ்டிக் ஏவுகணைகள் இந்த வேகத்தைப் பல தசாப்தங்களுக்கு முன்பே எட்டிவிட்டன. கடினமானது, வளிமண்டலத்துக்குள்ளேயே காற்றை உறிஞ்சி எரித்துக்கொண்டு அந்த வேகத்தில் பறப்பது. கிரனிட்டுக்குப் பின் வந்த 'ஒனிக்ஸ்' ஏவுகணையின் இயந்திரம், முன்வரும் காற்றைத் தன்னுள்ளே ஒலிவேகத்துக்குக் கீழே தணித்து அதில் எரிபொருளை எரிக்கிறது. ஒலியின் மூன்று, நான்கு மடங்கு வரை இது நன்றாக வேலை செய்யும். ஆறு மடங்கு வேகத்தில் வரும் காற்றை முழுவதும் தடுத்து நிறுத்தினால் அது 1,500 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாகும்; ஏறத்தாழ இரும்பு உருகும் வெப்பம். எனவே காற்றை ஒலிவேகத்துக்குக் கீழே தணிக்காமலே எரிக்க வேண்டும். எரிபொருள் கலந்து, பற்றி, எரிந்து முடிவதற்கு ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடியளவே அவகாசம். இதுவே ஸ்கிராம்ஜெட்.

இதை முதன்முதலில் வானில் பரீட்சித்தவர்கள் சோவியத்துக்காரர். 1991ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் திகதி கசகஸ்தானின் சரி-ஷகான் தளத்தில், பழைய விமான எதிர்ப்பு ஏவுகணை ஒன்றின் மூக்கில் 'ஹோலட்' என்ற ஸ்கிராம்ஜெட்டைப் பொருத்தி ஏவினார்கள். ஹோலட் என்றால் குளிர். அடுத்த மாதமே சோவியத் யூனியன் என்ற நாடு இல்லாமற்போயிற்று. சம்பளம் கொடுக்கப் பணமில்லாத அந்த விஞ்ஞானிகளின் திட்டத்துக்குக் கைகொடுத்தது அமெரிக்காவின் நாசா! இரு தரப்பும் சேர்ந்து நடத்திய பரீட்சையில் 1998ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆம் திகதி ஹோலட் ஒலியின் ஆறு மடங்குக்கு மேற்பட்ட வேகத்தை எட்டியது.

அதே 1998 பெப்ரவரி 12ஆம் திகதி மொஸ்கோவில் வேறோர் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. இந்தியாவின் சார்பில் ஒப்பமிட்டவர் இராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம். பிரமபுத்திரா, மொஸ்க்வா என்ற இரு நதிகளின் பெயர்களைச் சேர்த்து 'பிரமோஸ்' என்று பெயரிட்ட கூட்டு நிறுவனத்துக்குத் தலைமை தாங்கியவர் நாகர்கோவிலைச் சேர்ந்த சிவதாணு பிள்ளை. ரஷ்யத் தரப்பில் செலொமெயின் வாரிசான ஹேர்பேர்ட் எவ்ரேமொவ். ரெயூத்தொவ் நிலையம் பட்டினி கிடந்த அந்த ஆண்டுகளில் இந்தியாவின் பணம் அதை உயிரோடு வைத்தது என்பது என் கருத்து. ஒனிக்ஸை அடிப்படையாகக் கொண்ட பிரமோஸ் 2001 ஜூன் 12ஆம் திகதி ஒடிசாவின் சண்டிப்பூரில் முதன்முதலாக ஏவப்பட்டது. 2003இல் 'ராஜ்புத்' கப்பலிலிருந்து ஏவினார்கள். அதே ரெயூத்தொவ் நிலையத்தில்தான் பின்னர் சிர்க்கோன் பிறந்தது. பிரமோஸின் ஹைப்பர்சோனிக் வாரிசு பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டாலும், வானில் பறந்தவை இந்தியா தனியே செய்தவைதான்: 2020 செப்டெம்பரில் ஸ்கிராம்ஜெட் சோதனையூர்தி, 2024 நவம்பர் 16ஆம் திகதி 1,500 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்துக்கான ஏவுகணை. இரண்டும் ஏவப்பட்டது ஒடிசாக் கரைக்கப்பால் கலாமின் பெயர் சூட்டப்பட்ட தீவிலிருந்து.

ராஜ்புத் கட்டப்பட்டது உக்ரேனின் மிக்கொலாயிவ் நகரில். கொர்ஷ்கொவ் கப்பலின் எரிவாயுச் சுழலி இயந்திரங்களும் அந்நகரிலிருந்தே வந்தன. 2014இல் கிரைமியா கைப்பற்றப்பட்டதும் உக்ரேன் அவற்றைக் கொடுப்பதை நிறுத்தியது. அடுத்தடுத்த கப்பல்கள் வருடக்கணக்கில் தாமதமாயின. 2006இல் கட்டத் தொடங்கிய கொர்ஷ்கொவ் 2018இல்தான் கடற்படையில் சேர்ந்தது. உலகின் அதிவேக ஏவுகணையைச் செய்த நாட்டிடம் அதைச் சுமக்கும் கப்பலுக்கு இயந்திரம் இருக்கவில்லை.

சரி, சிர்க்கோனைத் தடுக்க முடியுமா? இங்கேதான் எனது பழைய தலைப்பின் தவறு. 20 மீற்றர் உயரத்தில் ராடார் கொண்ட கப்பல், 15 மீற்றர் உயரத்தில் வரும் ஏவுகணையை ஏறத்தாழ 34 கிலோமீற்றரில்தான் காணமுடியும். எக்ஸோசெட் என்றால் இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைந்த அவகாசம். ஒலியின் இரு மடங்கில் கடலோடு ஒட்டிவரும் ஏவுகணை என்றால் 50 வினாடி. சிர்க்கோனோ தாழப் பறக்க முடியாது. அடர்ந்த காற்றில் அந்த வேகம் அதையே எரித்துவிடும். 28 கிலோமீற்றர் உயரத்தில் வரும் பொருளைப் பூமியின் வளைவு 700 கிலோமீற்றர் வரை மறைக்காது. ராடாரின் ஆற்றல் இடங்கொடுத்தால் கப்பல் தலைவனுக்குச் சில நிமிடங்கள் கிடைக்கின்றன. வேகத்துக்காக ஒளிவிடத்தை விற்றிருக்கிறார்கள். அந்த வேகத்தில் வரும் ஒன்றைச் சுட்டு வீழ்த்துவது எளிதென்று நான் சொல்லவில்லை. அதற்கென்றே செய்யப்பட்ட விலையுயர்ந்த இடைமறிப்பு ஏவுகணைகள் வேண்டும், அவை எந்தக் கப்பலிலும் எண்ணிக்கையில் குறைவு. ஏவுகணையின் பக்கத்திலும் சிக்கலுண்டு. மூக்கிலுள்ள ராடாரை மூடும் உறை வெப்பத்தில் உருகாமல் நிற்கவும் வேண்டும், அலைகளை உள்ளே விடவும் வேண்டும். அசையும் கப்பலைத் தேடிப் பிடிக்கும் இறுதி வினாடிகளில் அதன் கண் எவ்வளவு தெளிவானது என்பதை எந்த யுத்தமும் இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை. 2024 பெப்ரவரி 7ஆம் திகதி கீவ் நகரில் விழுந்த சிதைவுகள் சிர்க்கோனுடையவை என்று உக்ரேனிய நிபுணர்கள் கூறினார்கள். கப்பலுக்கென்று செய்யப்பட்டது நகரத்தின்மீது விழுந்தது.

கடலில் நடந்ததோ வேறு. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் திகதி கருங்கடலில் ரஷ்யாவின் 'மொஸ்க்வா' கப்பலை உக்ரேன் தாக்கியது. மறுநாள் அது மூழ்கியது. வெடிமருந்தில் தீ என்றது ரஷ்யா. பசால்ட்டின் வழிவந்த, ஒலியை விஞ்சும் 16 பெரும் ஏவுகணைகளை அக்கப்பல் இரு பக்கங்களிலும் சுமந்திருந்தது. அதைத் தாக்கிய 'நெப்டியூன்' ஏவுகணைகள் ஒலியின் வேகத்தை எட்டாதவை. மொஸ்க்வாவும் மிக்கொலாயிவ் நகரத்துப் பிள்ளைதான்.

சீனா 2022இல் தனது 055 வகை நாசகாரியிலிருந்து வைஜே-21 ஏவுகணையை ஏவும் காட்சியை வெளியிட்டது. 2025 செப்டெம்பர் 3ஆம் திகதி பீஜிங் அணிவகுப்பில் மேலும் நான்கு புதிய கப்பல் எதிர்ப்பு ஏவுகணைகளைக் காட்டியது. அமெரிக்காவோ 'சும்வோல்ட்' நாசகாரியின் பீரங்கிகளைக் கழற்றி ஹைப்பர்சோனிக் குழாய்களைப் பொருத்தியிருக்கிறது. அவை தரை இலக்குகளுக்கானவை.

இந்த ஆயுதங்கள் குறிவைப்பதாகச் சொல்லப்படும் விமானந்தாங்கிகளில் ஒன்றுகூட இதுவரை அவற்றால் தாக்கப்படவில்லை. 2024ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் திகதி ஏடன் வளைகுடாவில் 'ட்ரூ கொன்பிடென்ஸ்' என்ற சரக்குக் கப்பலை யேமனிலிருந்து ஹூதிகள் ஏவிய கப்பல் எதிர்ப்பு பலிஸ்டிக் ஏவுகணை தாக்கியது. சீனாவிலிருந்து ஜித்தாவுக்கு உருக்குப் பொருட்களும் லொறிகளும் ஏற்றிச் சென்ற கப்பல். பிலிப்பைன்ஸ் மாலுமிகள் இருவரும் வியட்நாம் மாலுமி ஒருவரும் கொல்லப்பட்டனர். கப்பலில் இருந்த ஆயுதக் காவலர் மூவரில் இருவர் இலங்கையர். உயிர்காப்பு மிதவையில் தத்தளித்த 21 பேரை மீட்டுச் சிகிச்சையளித்து ஜிபுட்டியில் சேர்த்தது 'கொல்கத்தா' என்ற இந்திய நாசகாரி. அதன் முன்தளத்தின் கீழே செங்குத்துக் குழாய்களில் 16 பிரமோஸ் ஏவுகணைகள் இருக்கின்றன.